பேபிலான் 5: ஒரு லிஃப்டும் இரண்டு இனங்களும்

பேபிலான் 5 என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஒரு காட்சி. லிஃப்டுக்குள் இரண்டு பேர் மட்டும். ஒருவன் வீர், சென்டாரி இனத்து இளைஞன். இன்னொருவர் ஜிகார், நார்ன் தூதர். சென்டாரிகள் வானத்திலிருந்து பாறைகளை வீசி நார்ன்களின் கிரகத்தையே நாசம் செய்துவிட்டார்கள். வீர் மெல்ல மன்னிப்புக் கேட்கிறான். ஜிகார் கத்தியால் தன் உள்ளங்கையைக் கிழித்து, ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறார், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சாவு என்று. இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். முடியாது என்கிறான் வீர். அப்படியானால் என்னாலும் மன்னிக்க முடியாது என்கிறார் அவர்.

இந்தக் காட்சிக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வருகிறது? சென்டாரிகள் அதற்கு முன்பே நூறு ஆண்டு நார்ன்களை அடிமைப்படுத்தி வைத்திருந்தவர்கள் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். மொத்தம் 110 எபிசோடுகளில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதியிருக்கிறார், அதனால் முதல் சீசனில் சொன்ன பழைய பகை நான்காவது சீசனிலும் யாருக்கும் மறந்துபோவதில்லை. முகத்தில் ஒட்டிய ரப்பர் அல்ல, இந்த ஞாபகம்தான் இவர்களைத் தனித்தனி இனங்களாக நம்ப வைக்கிறது.

மின்பாரிகள் என்ற இன்னொரு இனத்தையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். விண்கப்பலின் பீரங்கி வாய்களைத் திறந்து வைத்து நெருங்குவது அவர்களுக்கு மரியாதை. மனிதர்கள் அதைத் தாக்குதல் என்று நினைத்துச் சுட, மின்பாரிகளின் தலைவர் சாகிறார், மனித இனமே அழிந்துபோகும் அளவுக்குப் போர் மூள்கிறது. அப்புறம் அவர்களுக்குள்ளேயே போர்வீரர், மதத்தார், தொழிலாளர் என்று மூன்று பிரிவுகள், அவற்றுக்குள் சண்டை. கடைசியில் மின்பாரித் தூதர் டெலென் ஆட்சிக்குழுவில் தொழிலாளர்களுக்குப் பெரும்பான்மை கொடுக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அந்தப் பிரிவிலிருந்து மனதில் நிற்கிற ஒரு பாத்திரம்கூட இல்லாதது பெரிய குறை.

சிறிய இனங்கள் விஷயத்தில் தொடர் கோட்டை விட்டிருக்கிறது. டிராசிகள் பச்சைத் துணி, ஊதாத் துணி என்று கையில் கிடைத்த நிறத்தை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். நல்ல கற்பனைதான், ஆனால் அதைத் தாண்டி அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

1994-ல் தொடங்கிய தொடர், கணினி வரைகலை இப்போது பழசாகத் தெரியும். முதல் சீசன் மெதுவாகத்தான் போகும். சரி, பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நார்ன்களை அழிப்பதற்குத் துணைபோன சென்டாரி இனத்து லோண்டோவும், ஜிகாரும் ஐந்தாவது சீசனில் மறுபடி நேருக்கு நேர் நிற்பார்கள், என் இனம் உன் இனத்தை மன்னிக்காது, ஆனால் நான் உன்னை மன்னிக்கிறேன் என்பார் ஜிகார். அந்த லிஃப்ட் காட்சியைப் பார்த்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.