5.7 லிட்டர் போதுமான எஞ்சினுக்கு 7 லிட்டர் ஊற்றி அனுப்பினார்கள்

பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வெளி ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இடத்தின் பெயரைப் போடவில்லை, பஞ்சாயத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னுடையது ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 2.0 டர்போ பெட்ரோல், 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஃப்ளூயிட் மூன்றையும் மாற்றச் சொல்லி விட்டுவிட்டு வந்தேன். மாலையில் போனால் வண்டி பளபளவென்று கழுவி நிற்கிறது. பில்லில் எஞ்சின் ஆயில் 7 லிட்டர், டிஎஸ்ஜி ஆயில் 7 லிட்டர், பிரேக் ஃப்ளூயிட் டாட் 5. நான் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் முட்டாள்தனம்தான்.

இரண்டாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்தால் மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடைக்கு மேல் ஈரம். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். "சார், இது பெர்ஃபார்மன்ஸ் வண்டி, ஆயில் கொஞ்சம் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே? ஏழு பாட்டில் பில் போட்டோம், ஏழையும் ஊத்திட்டோம், நாங்க ஒண்ணும் எடுத்து வச்சுக்கலையே!" என்கிறார். இந்த நேர்மையை என்ன சொல்வது!

இந்த எஞ்சினுக்கு ஃபில்டர் மாற்றினால் 5.7 லிட்டர். அதுவும் பழைய ஆயில் முழுக்க இறங்கியிருந்தால். ஃபில்டர் எஞ்சினின் மேல் பக்கம் இருக்கிறது, அதை முதலில் கழற்றிவிட்டால்தான் அதில் நிற்கும் ஆயிலும் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வடியும். கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும் என்கிறீர்களா? சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு ஆயிலைப் போல பேரிங்கைத் தாங்கும் பலம் கிடையாது. இன்னொரு பக்கம் ஆயில் ஆவி பிரீதர் குழாய் வழியாக எஞ்சின் காற்று இழுக்கும் இன்டேக்குக்குப் போய் எரிகிறது, நீலப் புகை அதுதான். இப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் காலி.

சரி என்று, தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். வடித்து அளந்தார், 7 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. "தம்பி, கியர்பாக்ஸையும் பாத்துடுவோம்" என்றார். எனக்கும் ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் மாறும்போது ஒரு இடி இருந்தது, ஆயில் புதுசு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்திருந்தேன். இந்த டிஎஸ்ஜியில் ஆயில் 35லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சினை ஓடவிட்டு, அடியில் உள்ள பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும், லேசாகச் சொட்டினால் சரி. ஒரு சொட்டுகூட வரவில்லை, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் உள்ளே போனது! எஞ்சினை அணைத்தபடி அளவு பார்த்திருப்பார்கள், அல்லது ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, என்பது அண்ணனின் கணிப்பு. அணைத்திருந்தால் பம்ப் இழுத்து வைத்திருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கி மட்டம் ஏறும், சூடேறினால் ஆயில் விரியும், இரண்டிலும் சீக்கிரமே சொட்டிவிடும், போதும் என்று மூடிவிடுவார்கள்.

அப்போ 7 லிட்டர் பில்? காய்ந்து கிடக்கும் புது கியர்பாக்ஸை நிரப்பத்தான் 7 லிட்டர் சொச்சம். சர்வீஸில் வடித்து மாற்றினால் 5 லிட்டரைச் சற்றுத் தாண்டும், மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். புத்தகத்தில் இரண்டு கணக்கும் இருக்கிறது. இவர்கள் பில்லுக்குப் பெரியதை எடுத்துக்கொண்டார்கள், கியர்பாக்ஸுக்கு இரண்டையும் விடக் குறைவான சொந்தக் கணக்கு போலிருக்கிறது.

இப்போது பிரேக். டாட் 5 என்று பார்த்ததும் அண்ணனுக்கே முகம் மாறியது. டாட் என்பது பிரேக் ஃப்ளூயிட்டின் தர எண். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை, டாட் 5 மட்டும் சிலிக்கான். இரண்டும் ஒன்றோடொன்று சேராது, இந்த வண்டியின் ஏபிஎஸ்ஸுக்கு அது கூடவே கூடாது. "நாலை விட அஞ்சு உசத்தி" என்பது அங்கே நிலவும் கணிதம். நல்லவேளை, நாலு வீலிலும் பழைய ஃப்ளூயிட்டை வெளியே விடும் பிளீட் நிப்பிள் மூடி மேல் பழைய தூசு அப்படியே படிந்திருந்தது, ரிசர்வாயரிலும் அதே பழுப்பு ஃப்ளூயிட்தான். மாற்றவே இல்லை! காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாததற்கு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது இதுதான் முதல் தடவை.

டிக்கியில் கிடந்த ஒரு காலி ஆயில் பாட்டிலையும் பார்த்தோம். 5டபிள்யூ-40, சரி, ஆனால் அது கெட்டித்தன்மை மட்டும்தான். எனக்கு வேண்டியது ஃபோக்ஸ்வாகன் 502 00 அல்லது 504 00 அப்ரூவல். பாட்டிலில் "502 00 கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது" என்றுதான் இருந்தது. ஏற்றது என்பது ஆயில் விற்பவர் தானே சொல்லிக்கொள்வது, அப்ரூவல் என்பது கார் கம்பெனி சோதித்துக் கொடுப்பது. 508 00 என்று இன்னொன்று இருக்கிறது, புதிய எண் என்று அதையும் ஊற்றிவிடாதீர்கள், அது 0டபிள்யூ-20, வேறு எஞ்சின்களுக்கான மெல்லிய ஆயில்.

இப்போது அளவு, ஆயில் எல்லாம் சரியாக இருக்கிறது, புகையும் இடியும் போய்விட்டன. மாற்றாத பிரேக் ஃப்ளூயிட்டுக்கும் ஊற்றாத கியர் ஆயிலுக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில் போட்டாச்சு சார், கேன்சல் பண்ண முடியாது, அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த சர்வீஸாம்!