மலைப் பள்ளியில் காலைச் சாப்பாடு: ருசி பார்க்கும் டீச்சரின் மதிப்பெண்

கிச்சடிக்குத் தாராளமாக 5க்கு 4 கொடுக்கலாம். சாம்பாருக்கு 3. சேமியா உப்புமாவைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆறிவிட்டால் கட்டி கட்டியாகத்தான் வரும்.

ஜவ்வாது மலையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்ப்பது எங்கள் வேலையில் ஒன்று. அதனால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றி நாக்கறிந்துதான் எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அதில் 237 எங்களைப் போலத் தொலைதூர மலைப் பகுதிப் பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் பதினொரு மணி ஆனால் "டீச்சர், வயித்த வலிக்குது" என்று இரண்டு மூன்று பிள்ளைகளாவது பெஞ்சில் தலை சாய்க்கும். விசாரித்தால் காலையில் வரக்காப்பி மட்டும் குடித்திருக்கும். அப்பா அம்மா எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பார்கள், பாட்டிக்கு அடுப்பு மூட்டவே முடியாது. இப்போது முதல் பாடவேளையிலேயே தைரியமாகக் கணக்கு எடுக்கிறேன்.

சமைப்பது மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அக்கா. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்! தன் மகள் தட்டிலும் விழப்போகும் ரவையைச் சலிக்காமல் யாராவது போடுவார்களா? வீட்டுப் பந்தலில் அவரை காய்த்தால் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் சாம்பாருக்கு நாலரை. சமைத்ததைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான். அவர் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேலே நிற்க, கீழே "அத்தே, சாம்பார் ஊத்த வாங்க" என்று ஒரே கூச்சல்.

அளவு? ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அரசுக் கணக்கு. வெந்தால் 150 முதல் 200 கிராம் வரும். ஒன்றாம் வகுப்புக்கு அதுவே மிச்சம். கொல்லைக்காட்டிலிருந்து ஓடை தாண்டி நடந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அரை வயிறுதான் நிறையும்.

என் பெரிய குறை வேறு. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்த ஊரில் விளையும் சிறுதானியத்தில் சமைக்கலாம் என்று திட்டம் தொடங்கும்போதே சொல்லியிருந்தார்கள். எங்கள் மலையில் எங்கே பார்த்தாலும் சாமை. பள்ளிச் சுவரை ஒட்டியே சாமைக் கொல்லை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கு வந்து இறங்குவது ரவையும் சேமியாவும். இங்கே விளைந்த சாமை கீழே இறங்கிப் போய், ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாக்கெட்டில் விற்கிறது. நம் பிள்ளைகள் தட்டில் அதைப் போட என்ன தடை? ஒருமுறை ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த சாமையில் அக்கா பொங்கல் வைத்தார். மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு, குழையாமல், உதிரியும் ஆகாமல். பாத்திரத்தைச் சுரண்டி எடுத்தார்கள். 2025இல் திங்கட்கிழமை உப்புமாவை எடுத்துவிட்டுப் பொங்கல் என்று மாற்றினார்கள் அல்லவா, அந்தப் பொங்கலைச் சாமையில் வைத்தால் போதும், முழு மதிப்பெண்ணும் என் கையால் போடுகிறேன்.

இன்னொன்று. இது ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தங்கையைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வருகிறான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பம்படியில் நின்று கல் எறிந்துகொண்டிருப்பான். அவள் பாதியை ஒதுக்கி வைத்துக் கண் காட்டுவாள். நாங்கள் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொள்வோம். ஏப்ரல் வரைக்கும் பசித்த வயிறு ஜூனில் பசிக்காதா என்ன? எட்டாம் வகுப்பு வரை கொடுங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.