வேனுக்குள் கரண்ட்: டியூபுலரா, எஸ்.எம்.எஃப்.பா, லித்தியமா?

வேனிலேயே தங்கிப் பயணம் போக எந்த பேட்டரி சரி? முதலில் இரண்டு பேருக்கு ஒரு நாள் கரண்ட் செலவைக் கூட்டிவிடுவோம். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். நம்மூர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 540 வாட்-அவர். 12 வோல்ட் ஃபேன் 20 வாட், 8 மணி நேரத்துக்கு 160. விளக்கும் போன்களும் சேர்ந்து 100. ஆக மொத்தம் 800. 12 வோல்ட் பேட்டரிக் கணக்கில் 70 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) வரை வரும். விலை மலிவு என்று கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் கூலரை வாங்கினால் இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும். அது 50 வாட்டை நிற்காமல் இழுக்கும், ஒரு நாளுக்கு 1,200. அதற்கு ஐஸ் பெட்டியே மேல்.

இந்த 70 ஏ.எச்.சை மூன்று பேட்டரியும் கொடுத்துவிடும். மறுநாள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும், தண்ணீர் ஊற்றுகிற 150 ஏ.எச். டியூபுலர் ஈய பேட்டரியைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். எந்த ஊரிலும் கிடைக்கும், கெட்டுப்போனால் பழையதற்கு விலையும் உண்டு. பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால் 75 ஏ.எச். தாராளம். ஆனால் 50 கிலோவுக்கு மேல் கனம், உயரமும் அதிகம், சீட்டுக்கு அடியில் அடங்காது. ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதற்காகச் செய்த பேட்டரி அது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினால் மூடி வழியாக ஆசிட் கசிந்து தரைத் தகடு அரிக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால், படுக்கிற இடத்துக்குள் வைக்கவே கூடாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். ஈய பேட்டரி 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக வாங்கும், பிறகு முரண்டு பிடிக்கும். 20 ஆம்பியரில் முதல் இரண்டு மணி நேரம் சரியாகப் போகும். மீதிக்கு இன்னும் நான்கைந்து மணி நேரம் வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு முகாம் போடுபவருக்கு அது ஒருநாளும் நிரம்பாது. அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, ஒரே சீசனில் கொள்ளளவு பாதியாகலாம். பேட்டரி மட்டம் என்று கடையில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

எஸ்.எம்.எஃப். என்பது மூடி சீல் வைத்த, பராமரிப்பு தேவைப்படாத பேட்டரி. கசியாது, படுக்கைக்கு அடியில் வைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது அதே ஈயம்தான், அதே நிதானம்தான். 100 ஏ.எச். பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் நம் கணக்குக்கு இரண்டு வேண்டும், 60 கிலோ. வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துபோகும், திறந்து தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. மாதம் ஒரு இரவு மட்டும் தங்குபவருக்குப் போதும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஏ.எச். சுமார் 12 கிலோ. 80 ஏ.எச். பயமில்லாமல் எடுக்கலாம். 30 ஆம்பியரைக் கிட்டத்தட்ட கடைசி வரை குறையாமல் வாங்கும். 70 ஏ.எச். நிரம்ப இரண்டரை மணி நேரம் போதும். பொள்ளாச்சியில் கிளம்பி வால்பாறை போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட வேலை முடிந்திருக்கும்.

ஆனால் இதை வி.எஸ்.ஆர். ரிலே (வோல்ட்டேஜைப் பார்த்து வண்டி பேட்டரியோடு தானே இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) வழியாக, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் நேராகக் கொடுக்காதீர்கள். அந்த ரிலே 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8-இல் விடும். லித்தியமோ சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். இன்ஜினை அணைத்த பிறகும் ரிலே விடாது, இரண்டு பேட்டரியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் சிக்கல் நேர்மாறானது. டீசல் மிச்சம் பிடிக்க ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜைக் குறைத்துவிடும், ரிலே சேரவே சேராது. இன்னொரு பக்கம், லித்தியம் கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் உறிஞ்சும் என்பதால் இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் கொதிக்கும். ஓடும்போது பி.எம்.எஸ். (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டர் டையோடே போகலாம். ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நடுவே 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று வைத்தால் இத்தனையையும் தீர்த்துவிடும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இக்னிஷன் ஒயரை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

வோல்ட் மீட்டரை வைத்து லித்தியத்தில் எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது. 80 சதவீதத்துக்கும் 40-க்கும் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை எண்ணிக்கொண்டே இருக்கும் ஷன்ட் வைத்த மானிட்டர் வேண்டும். உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. வண்டிக்குள் இருக்கும்வரை அந்த நிலை அபூர்வம். தனுஷ்கோடி வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வேனின் சூடுதான் நிஜமான எதிரி.

சோலாரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். கூரையில் தட்டையாகக் கிடக்கும் 100 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 400 வாட்-அவர் வரை தரும். மர நிழலில் நிறுத்தினால் உங்களுக்குத் தூக்கம் வரும், பேனலும் தூங்கிவிடும்.

பேட்டரியும் சார்ஜரும் ஒரே பெட்டியில் வரும் ரெடிமேட் பவர் ஸ்டேஷன் வாங்கினால் ஒயரிங் தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலானவை கார் சாக்கெட்டில் 100 வாட் அளவுக்குத்தான் வாங்கும், 800 நிரம்ப எட்டு மணி நேரம். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு ஒரு இரவு மட்டும் போய் வருபவருக்கு அதுவே சரி.

பேட்டரி எதுவானாலும் ஒயரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. இன்ஜினிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், போக வர 10 மீட்டர். சார்ஜர் உள்ளே வாங்குவது 40 ஆம்பியர் வரை போகும். 16 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயரில் 0.44 வோல்ட் குறையும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயரைப் போட்டால் குறைவது 2.8 வோல்ட். நூறு வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகும், இன்சுலேஷன் உருகும். இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃப்யூஸும் இரண்டு முனையிலும், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், 60 ஆம்பியர். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், பிளேடு ஃப்யூஸ் தாங்காது. அந்தப் பக்கம் எம்.ஆர்.பி.எஃப். (MRBF) அல்லது கிளாஸ் டி (Class T) வகை ஃப்யூஸ் போடுங்கள்.

ஒயர் முனையில் மாட்டும் செம்பு வளையமான லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரில் நசுக்க வேண்டாம். முதல் முறை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு லக்கின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.