சித்திரை வெயிலில் தேன் பெட்டி: இறக்கி வைத்துக் கொடுத்தவரைப் பற்றி

மார்த்தாண்டம் பக்கமிருந்து தேனீக் குடும்பங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துத் தருகிறவர் ஒருவரிடம் இந்தச் சித்திரையில் நான்கு பெட்டி வாங்கினேன். வெயிலில் வாங்கலாமா என்று தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பள்ளத்தூரில் எங்கள் தோட்டம். தென்னையும், பீர்க்கு, பாகல் கொடிகளும். காய்ப்பிடிப்புக்குத்தான் தேனீ, தேன் அப்புறம்தான்.

முதலில் விசாரித்த வேறொருவர், பகல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், காரைக்குடியில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இவரோ எடுத்த எடுப்பிலேயே, “பகல்ல அனுப்பவே மாட்டேன் ஆச்சி. பொழுது சாஞ்சு எல்லா ஈயும் உள்ள அடைஞ்ச பிறகுதான் வாசலை மூடுவேன். விடியுமுன்னே உங்க தோட்டத்துல இருப்பேன்” என்றார். அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

தேனீப் புழு வளரும் தேனடை 35 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே பரப்பி, சிறகால் விசிறிக் குளிரவைக்கும். வாசல் அடைத்த பெட்டியில் தண்ணீருக்கு அவை எங்கே போகும்? மெழுகு இளகி அடை அறுந்து விழுந்தால் ராணியே நசுங்கிப் போகலாம். பெட்டிக்குள் வெந்து செத்த குடும்பங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், பாவம்.

அவர் கட்டிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாசலில் துணியைத் திணிக்காமல் கம்பி வலை. மேல்மூடியை எடுத்துவிட்டு அங்கேயும் வலை. கனம் குறைய, தேன் நிறைந்த அடைகளை முன்பே எடுத்துவிட்டார். மிச்ச அடைகளை, அவை தொங்கும் மரச் சட்டத்தோடு வாழைநாரால் கட்டி, சட்டங்கள் ஆடாதபடி இடையில் கட்டை கொடுத்திருந்தார். சட்டங்களின் நீளவாக்கு வண்டி போகிற திசையிலேயே இருந்தது; பிரேக் போட்டாலும் அடைகள் ஒன்றோடொன்று மோதாது. வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் காதை வைத்துக் கேட்டாராம். சீரான ரீங்காரம் என்றால் சரி. இரைச்சல் ஏறினால் காற்று போதவில்லை என்று வலைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இருட்டோடு வந்து இறங்கினார். மாமர நிழலில், கிழக்கே வாசல் பார்க்க, பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டு வைத்தார். மேலே தென்னங்கீற்று. தகரம் போடலாமா என்று கேட்டதற்குக் கூடவே கூடாது என்றார். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்துதான் வாசலைத் திறந்தார். நம் நாட்டுத் தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் கூண்டோடு ஓடிவிடும் குணம் உண்டு. அதனால் ராணி மட்டும் வெளியேற முடியாத தகட்டை வாசலில் பொருத்தினார். மகரந்த உருண்டையைக் காலில் சுமந்து ஈக்கள் வரத் தொடங்கிய பிறகு அதைக் கழற்றச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீரைப் பொழுது சாய்ந்தே வைக்கச் சொன்னார். பகலில் வைத்தால் அடுத்த பெட்டி ஈக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். குடிக்க, அகலச் சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்திருக்கிறோம். கல்மேல் உட்கார்ந்தால் மூழ்காது.

உச்சி வெயிலில் போய்ப் பாருங்கள்: வாசல் பலகையில் ஐந்தாறு ஈக்கள் தலையை வெளிப்பக்கம் காட்டி வரிசையாக நின்று, சிறகு கண்ணுக்கே தெரியாத வேகத்தில் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். சமையல் கிடக்கட்டும் என்று நின்று பார்த்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டித் தாங்கியின் காலடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் ஆழம் போதாது. நம் ஊர் வெயிலுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் வற்றி, கட்டெறும்பு ஏறப் பார்க்கிறது. நான் பெரிய கிண்ணமாக மாற்றிவிட்டேன், அவரிடமும் சொன்னேன். வண்டி வாடகை தனி. ஒரே பெட்டிக்கு அது கட்டுபடியாகாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சொல்லுங்கள், முடிந்தால் தை, மாசியிலேயே.