மேக்கின் ஹெல்ப் மெனு: அம்பு காட்டும் வழி

ஆப்பிளின் மேக் கணினியில் மெனு வரிசையின் கடைசியில் கிடக்கும் ஹெல்ப்பைப் பலர் தொடுவதே இல்லை. எனக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. மேக்கோடு வரும் பிரிவியூ மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறந்து, ஹெல்ப்பின் தேடல் பெட்டியில் 'ரொட்டேட்' என்று அடித்துப் பாருங்கள். வரும் பதில்மேல் சுட்டியை வைத்ததும் டூல்ஸ் மெனு தானாக விரியும். நீல அம்பு ஒன்று ஆடி ஆடி இடத்தைக் காட்டும். பக்கத்திலேயே குறுக்குவிசையும் தெரியும், அதுதான் உண்மையான லாபம்.

2007இல் லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு வந்த வசதி, இன்னும் அலுக்கவில்லை. திறந்திருக்கும் மென்பொருளின் மெனுவை மட்டுமே துழாவும் என்பது குறை. ஹெல்ப்பில் வரும் நீண்ட விளக்கப் பக்கங்கள் சுமார் ரகம். ஆனால் போனில் அப்பாவுக்கு வழி சொல்லும் தொல்லை விட்டது: "ஹெல்ப்ல அடிங்கப்பா, அம்பு காட்டும்."