பன்னிரண்டு வருட மொரிஸ் மைனரும் ஒரு புது றோட்டரும்

போன கிழமை வவுனியாவிலிருந்து ஒரு நண்பன் எடுத்தான். "மச்சான், மொரிஸ் மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கு, நீ வைத்திருக்கிறாய்தானே, வாங்கலாமா?" நல்ல ஆளிடம் பிழையான நாளில் கேட்டான். இரண்டு வருடமாக என்னைத் தின்ற ஒரு பழுது தீர்ந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பத் தொடங்கி, சந்தோஷப்படுவதா சுவரில் முட்டுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

என்னுடையது 1959 ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. 2013 இல் வாங்கினேன். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் குறியீட்டைப் பார்த்து அளந்து தந்தபோதும் எனக்கு மிச்சம் வந்தது. அதற்கு முதல், வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில், வீட்டு வாசலில் நின்று விலை கேட்டவர்கள் பலர். மனிசி கொடுக்கச் சொன்னா. நான் கொடுக்கவில்லை.

கரைச்சல் தொடங்கியது 2023 இல், அதுவும் என் கையால். கிளிநொச்சிக்கு ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, தூரப் பயணம் என்று பொயின்ற், கொண்டென்சர், றோட்டர், டிஸ்ரிபியூற்றர் மூடி, நாலு பிளக் என்று பெற்றோலைப் பற்றவைக்கிற பொறிக்கான சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் புதிது போட்டேன். ஓடிக்கொண்டிருந்த பழையவற்றை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மேலே வைத்தேன். ஏன் கழற்றினாய் என்று கேட்காதீர்கள். புதுசு என்றால் நல்லது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மானிப்பாயிலிருந்து கொடிகாமம் வரை பட்டுப் போல வந்தது. பளை தாண்டியதும் சின்னதாக ஒரு குலுக்கல். பிறகு நாலில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தது மாதிரி ஒரு இழுபறி, சைலன்சருக்குள் இரண்டு வெடி, ஆனையிறவில் நின்றே விட்டது. அந்த இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கடல்நீரேரி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பட்டு வேட்டியோடு பொன்னெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். சூடு ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

அந்த அரை மணி நேரத்தில் ஐந்து பேர் வண்டியை நிறுத்தி உதவிக்கு வந்தார்கள், ஐந்து பேரும் பிழை காபரேற்றரில், அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற சாமானில், என்றார்கள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாருக்கும் காபரேற்றர் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது, காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. அப்படி ஓடிய வண்டிக்கு வந்த வருத்தமெல்லாம் எண்ணெயால் வந்த வருத்தம். அதனால் கார் இருமினாலே கை தானாகக் காபரேற்றருக்குப் போகும். நானும் அந்தக் கூட்டம்தான். காபரேற்றரை மூன்று தரம் கழுவினேன், ஊசி மாற்றினேன், பெற்றோல் குழாய்க்கு வெயில் படாமல் துணி சுற்றினேன், ராங்கைக்கூட இறக்கிக் கழுவினேன்.

இவ்வளவுக்கும் கார் எனக்குப் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மைனரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, சாவியைப் போட்டதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். கார் நின்ற ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டால் இரண்டு டிக், பிறகு அமைதி. அப்படியென்றால் கிண்ணம் நிறைந்திருக்கிறது, பெற்றோல் வருகிறது! போதாததற்கு, பெற்றோல் குறைந்து நிற்கிற வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்துதான் நிற்கும், இது சுவிட்சை அணைத்தது மாதிரி வெட்டி வெட்டி நின்றது. இரண்டும் என் காதுக்கும் காலுக்கும் தெரிந்தது. தலைக்குத்தான் ஏறவில்லை.

கடைசியில் சுன்னாகத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கராஜ் பூட்டிப் பல வருடம், ஆனால் கேட்டால் பார்ப்பார். பொன்னெட்டைத் திறந்தவர் காபரேற்றர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இருட்டட்டும்" என்றார். இருட்டியதும் என்ஜினை ஓடவிட்டு, டிஸ்ரிபியூற்றர் மூடியைச் சுற்றியும் வயர்களிலும் நீலப் பொறி எங்காவது ஓடுகிறதா என்று பார்த்தார். இல்லை. மூடியைக் கழற்றி ஒரு ஐஸ்பழக் குச்சியால் பொயின்றைத் திறந்து மூடினார், அங்கே வெள்ளையாகத் தடித்த பொறி அடித்தது. "கொண்டென்சர் செத்துப் போச்சு." பொயின்ற் திறக்கும்போது அந்த மின்சாரம் இடைவெளியில் பொறியாக வீணாகாமல் தாங்கி, பற்றரி மின்சாரத்தைப் பொறி அடிக்கிற அளவுக்கு ஏற்றுகிற கொயிலில் இருப்பது சட்டென்று பாய வழி செய்வது கொண்டென்சர்தான். என்னுடையது ஆறியிருந்தால் வேலை செய்யும், சூடானால் விழும். அவரிடம் கிடந்த பழையதொன்றை டிஸ்ரிபியூற்றருக்கு வெளியே, கொயில் பிடியோடு சேர்த்து முடுக்கிவிட்டார், சூடு குறைவான இடம் என்று. பொயின்ற் இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, வைத்தார். அப்படியே கொயில் வயர் இரண்டும் மாறிக் கிடந்ததையும் கண்டுபிடித்தார். முதல் வைத்திருந்தவர் றேடியோ பூட்டுவதற்காக பற்றரி முனைகளை மாற்றிப் பூட்டியிருக்கிறார், இந்தக் கார் பிறப்பில் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை கார் உடம்போடு சேர்ந்தது, கொயிலை மட்டும் மறந்துவிட்டார். அதைத் திருப்பிப் பூட்டியதிலிருந்து காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட்.

மூன்று மாதம் சொர்க்கம். பிறகு திரும்பவும் அதே குலுக்கல், இந்த முறை நாவற்குழிப் பாலத்தடியில். எனக்கு அழுகை வராத குறை.

பெரியவர் இம்முறை கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை மூடியிலிருந்து இழுத்து, பழைய துணியால் சுற்றிப் பிடித்து, நுனியை றோட்டரின், அதாவது டிஸ்ரிபியூற்றருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற சாமானின், நடுப் பித்தளைக்குக் கால் அங்குலம் மேலே வைத்தார். நான் ஐஸ்பழக் குச்சியால் பொயின்றைத் திறந்து மூடினேன். றோட்டர் நல்லதென்றால் அதற்குள் ஒன்றும் பாயக்கூடாது, போவதற்கு வழியில்லை. எங்களுடையதில் சடக்கென்று பாய்ந்தது. பித்தளையைப் பிடித்திருக்கிற றிவெற் ஆணிக்கும் கீழே தண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்ரிக், சூடேறியதும் அதைத் துளைத்து மின்சாரம் தண்டுக்குள் இறங்குகிறது. பிளக்குக்கு வரவேண்டியது அப்படியே நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"பழையது எங்கே?" என்றார்.

பிஸ்கட் ரின்னில். றிவெற் இல்லாத பழைய றோட்டர், விளிம்பு கறுத்து, தலையில் ஒரு கீறலோடு. அதைப் போட்டு இப்போது எட்டு மாதம், இடையில் இரண்டு தரம் கிளிநொச்சி, ஒரு தரம் மன்னார். ஒரு தும்மல் இல்லை.

நியாயமாகச் சொன்னால் இதில் காரின் பிழை ஒன்றும் கிடையாது. அறுபது வருடத்துக்கு முந்திய என்ஜின், ஒரு திருப்புளி, ஒரு குச்சி, ஒரு கிழவர், இவ்வளவும் போதும் பழுது பார்க்க. இப்போதைய காரில் இதே பழுது என்றால் கொம்பியூற்றரை மாட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். எலெக்ரோனிக் இக்னிஷன் போடு என்று மகன் சொல்கிறான், போடமாட்டேன், அது போனால் போனதுதான், பொயின்றை ஆனையிறவில் நெருப்புப் பெட்டிப் பக்கத்தால் தேய்த்தாவது வீடு வரலாம். எனக்குக் கோபமெல்லாம் புதிதாக வருகிற இந்தச் சின்னச் சாமான்களில். பெட்டி வடிவாக இருக்கும், உள்ளே இருப்பது மூன்று மாதம்தான் உழைக்கும்.

ஆகவே நண்பனுக்கு என் பதில், வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்டால், இன்னும் அந்தப் பட்டு வேட்டியிலிருந்து கிறீஸ் போகவில்லை. அதற்குமேல் நீ வாங்கத்தான் போகிறாய் என்றும் தெரியும். வாங்கினால் கொடுக்கிறவரிடம் பழைய றோட்டர், கொண்டென்சர் ஏதும் கிடக்கிறதா என்று கேட்டு எடு, உனக்கு வேண்டாமென்றால் எறியாதே, யாழ்ப்பாண பஸ்ஸில் போட்டுவிடு, நான் வந்து எடுக்கிறேன்.