தூண் விட்டு வெட்டுவதா, கூரையை விழவிடுவதா?

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் ஜூரோங் தீவுக்கு அடியில் எண்ணெய் சேமிக்க 2014இல் திறந்த பாறைக்குகைகளைப் பற்றித் தேக்கா காப்பிக்கடையில் பேச்சு வந்தால், கரி எடுத்த குழி பிற்பாடு என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். எப்படி வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இந்தியாவில் வெகுகாலமாகப் புழங்கும் போர்ட் அண்ட் பில்லர் முறையில் கரியையே தூண்களாக விட்டுச் சுற்றிலும் வெட்டுவார்கள்; செலவு குறைவு, ஆனால் நிறையக் கரி தூணாகவே தங்கிவிடும். இன்னொரு முறையான லாங்வாலில், ஷியரர் என்னும் கரி வெட்டும் இயந்திரம் நீண்ட கரிச்சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சீவிக்கொண்டே போகும், ஹைட்ராலிக் தாங்கிகள் ஒவ்வொன்றாக முன்னே நகர, பின்னால் கூரை தடதடவென்று சரியும். வேண்டுமென்றேதான் விழவிடுகிறார்கள்.

மூடும்போது இரண்டிலும் பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறும், ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியை, அடைக்க வேண்டும், மீத்தேன் கசிவைக் கவனிக்க வேண்டும். அப்புறம்தான் வித்தியாசம். லாங்வாலில் நிலம் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கி அடங்கிவிடும். தூண்களோ பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நொறுங்கலாம், அதற்குள் மேலே வீடுகள் வந்திருக்கும்.

எனக்கு லாங்வால்தான் சரி. மேலே ஏற்கெனவே ஊர் இருந்தால் மட்டும் தூண்களை விட வேண்டும், அல்லது மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பக்கம் செய்ததுபோல் குழியில் மணல் நிரப்ப வேண்டும்.